நான்கு கதவு ஜிடி-ஆர் கம்பெனியே செய்ததுதான்
நிசான் ஸ்கைலைன் காரின் அதிவேக வகையான ஜிடி-ஆர் எப்போதுமே இரண்டு கதவு கார்தான், நான்கு கதவில் இருப்பதெல்லாம் யாரோ எஞ்சின் மாற்றிச் செய்தவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 1969 பிப்ரவரியில் வந்த முதல் ஜிடி-ஆரே நான்கு கதவு செடான்தான். இரண்டு கதவு கூபே 1970 அக்டோபரில்தான் வந்தது. 1998-லும் ஸ்கைலைனின் ஆர்33 தலைமுறையில், நிசானின் துணை நிறுவனமான ஆட்டெக் ஒரு நான்கு கதவு ஜிடி-ஆர் செய்தது.

மாற்றிக் கட்டிய கார்களும் உண்டு, அந்த எச்சரிக்கை நியாயமே. அந்த முதல் தலைமுறைக் காரை வாங்கப் போகிறீர்களா? எஞ்சின் அறையில் மாடல் குறியீடு பொறித்த தகட்டைப் பாருங்கள். பிஜிசி10 என்றிருந்தால் நான்கு கதவு ஜிடி-ஆர். கேபிஜிசி10 என்றால் கூபே. 'பி' இல்லாமல் வெறும் ஜிசி10 என்றிருந்தால் அது சாதாரண 2000ஜிடி ஸ்கைலைன். உள்ளே ஜிடி-ஆரின் எஸ்20 எஞ்சினே உட்கார்ந்திருந்தாலும் அது ஜிடி-ஆர் ஆகாது.