பேப்பர் இல்லை என்றால் அப்பா சொத்தில் பங்கும் இல்லையா?

கலிபோர்னியாவில் அப்பா இறந்த வீடு. மூன்று பிள்ளைகளில் இருவர் அமெரிக்கக் குடிமக்கள். மூத்தவருக்கு மட்டும் பேப்பர், அதாவது அமெரிக்காவில் சட்டப்படி தங்குவதற்கான ஆவணம், இல்லை. பங்கு பேச்சு எடுத்த உடனே தம்பி சொல்கிறான்: "கோர்ட் படி ஏறினால் உன்னைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். பேசாமல் கையெழுத்துப் போடு." குடியேறி வந்தவர்களின் வீடுகளில் இந்த மிரட்டல் புதிதல்ல. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் தம்பி பக்கம் இல்லை. ஒருவர் வெளிநாட்டவர் என்பதால் வாரிசுரிமை போகாது என்று கலிபோர்னியாவின் ப்ரொபேட் சட்டம் (இறந்தவரின் சொத்து யாருக்குப் போகும் என்று சொல்லும் சட்டம்), பிரிவு 6411, நேரடியாகவே சொல்கிறது. விசா முடிந்து தங்கியவருக்கும் பங்கு உண்டு, நாடு கடத்தப்பட்டவருக்கும் உண்டு. இன்னொன்று, தம்பியின் மிரட்டலே குற்றமாகலாம். குடியேற்ற நிலையைக் காட்டிக்கொடுப்பேன் என்று பயமுறுத்திச் சொத்தை எழுதி வாங்குவது மிரட்டிப் பறித்தல் என்று தண்டனைச் சட்டம் 519ஆம் பிரிவு 2014 முதல் சொல்கிறது. வழக்கறிஞரே இப்படி மிரட்டினால் அவர் உரிமம் பறிபோகலாம்.

இந்த இடத்துக்கு அந்த மாநிலம் சுலபமாக வந்துவிடவில்லை. குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் சட்டம் போட்ட ஊர் அது. குறி ஜப்பானியர்கள். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்களுக்கும் குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் பஞ்சாபி விவசாயிகளும் அதில் மாட்டினார்கள். காஜிரோ ஓயாமா என்பவர் அங்கே பிறந்த தன் மகன் பெயரில் நிலம் வாங்கினார். அதையும் பறிக்கப் பார்த்தது அரசு. 1948இல் உச்ச நீதிமன்றம் மகன் பக்கம் நின்றது. 1952இல் செய் ஃபுஜி வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது.

சரி, உரிமை இருக்கிறது. அதைக் கேட்க கோர்ட்டுக்குள் போக முடிய வேண்டுமே! அதனால்தான் குடியேறிகள் பாதுகாப்புச் சட்டங்களையும் சொத்துரிமையையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்கிறேன். உள்ளூர் போலீஸ் குடியேற்றத் துறைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையை 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பெருமளவு நிறுத்தியது. வழக்குக்காக நீதிமன்றம் வருபவரை நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் சிவில் கைது (குற்றத்துக்காக அல்லாமல், குடியேற்ற விதிமீறல் போன்றவற்றுக்காகச் செய்யும் கைது) செய்யக் கூடாது என்று 2020 முதல் இன்னொரு சட்டம் இருக்கிறது. நியூயார்க்கும் அதே போல ஒன்றை 2020 டிசம்பரில் கொண்டுவந்தது.

இவை முழுக் கவசம் என்று நான் சொல்ல மாட்டேன். மத்திய அதிகாரிகளின் கையை மாநிலச் சட்டம் ஓரளவுதான் கட்டும். 2025 ஜனவரியில் நீதிமன்றங்களிலேயே கைது செய்ய அவர்களுக்கு மறுபடி வழி திறந்துவிட்டார்கள். பயம் கற்பனையானது அல்ல. அதனால் முதல் நாளே வாரிசு வழக்கு பார்க்கும் வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரையும் கேட்டுவிடுங்கள். பல விசாரணைகளில் வீட்டிலிருந்தே வீடியோவில் ஆஜராக முடியும்.

பயத்தில் நாள் ஓடிவிடுவதுதான் பெரிய நஷ்டம். பலர் வீட்டை டிரஸ்டில், அதாவது வாரிசுகளுக்காக ஒருவர் பொறுப்பில் விடும் ஏற்பாட்டில், வைத்துவிட்டுத்தான் இறக்கிறார்கள். அப்போது அந்தப் பொறுப்பாளரான டிரஸ்டி, வாரிசுகளுக்கும் பயனாளிகளுக்கும் 60 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். டிரஸ்ட் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அந்தக் கடிதத்தின் நடுவே தடித்த எழுத்தில் ஒரு பத்தி இருக்கும்: டிரஸ்டை எதிர்க்க 120 நாள்தான் பொதுவாக அவகாசம். ஆங்கிலம் சரளமாக வராத ஒருவர் உறையைப் பிரிக்கிறார், அரசாங்கக் கடிதம் போல இருக்கிறது, அப்படியே மேசை டிராயருக்குள் போட்டுவிடுகிறார். தம்பிக்கு வேறென்ன வேண்டும்?

அந்தப் பத்தியின் எழுத்து 10 பாயிண்டுக்குக் குறையக் கூடாது என்று எழுத்தின் அளவைக்கூடச் சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழேயே, அதே அளவில், வாங்குபவருக்குத் தெரிந்த மொழியில், "உங்கள் குடியேற்ற நிலை உங்கள் பங்கைப் பாதிக்காது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மாநில சட்டமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். கலிபோர்னியாவில் ஓட்டு இருப்பவர்கள் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு இதை எழுதுங்கள்.