வளையமும் இல்லை, நெருப்பும் இல்லை

ஜப்பானில் ஒரு நிலநடுக்கம், அதே வாரம் சிலியில் இன்னொன்று. உடனே 'நெருப்பு வளையம் விழித்துக்கொண்டது' என்று ஒரு சிவப்புப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவ ஆரம்பித்துவிடும். பசிபிக் பெருங்கடலைச் சுற்றி நிலநடுக்கங்களும் எரிமலைகளும் மிகுந்த பட்டைக்குத்தான் அந்தப் பெயர். எனக்கு எரிச்சல் படத்தைப் பகிர்கிறவர்கள் மேல் இல்லை, அந்தப் பெயர் மேல்தான்.

தூங்கினால்தானே விழிப்பதற்கு? அளவு 6-ஐத் தாண்டும் நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல் வருகின்றன. வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பசிபிக்கைச் சுற்றித்தான். ஒரு மாதம் முழுக்க ஒன்றுகூட வராவிட்டால்தான் அது செய்தி.

வளையம் என்பதும் சரியில்லை. ஏறத்தாழ 40,000 கி.மீ. நீளத்துக்கு லாட வடிவில் வளைந்து, தெற்கே திறந்து கிடக்கிறது. பூமியின் மேலோடு மெல்ல நகரும் பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. சிலிக்கு அடியில் நுழைவது நாஸ்கா தட்டு. ஜப்பானின் வடகிழக்குக்கு அடியில் நுழைவது பசிபிக் தட்டு. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

சரி, நெருப்பு? இங்கேதான் பெரிய வேடிக்கை. ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் போகும்போது உராய்ந்து உருகி எரிமலையாகிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த வேலையைச் செய்வது தண்ணீர். கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிய தட்டு, தன் கனிமங்களுக்குள் நீரைச் சுமந்துகொண்டு இறங்குகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நீர் பட்டதும் மேலே இருக்கும் சூடான பாறையின் உருகுநிலை குறைந்துவிடுகிறது, பனிக்கட்டியில் உப்பைப் போட்டால் இளகுவது மாதிரி. அப்படி உருகி மேலேறுவதுதான் எரிமலைக் குழம்பு. தண்ணீர் வளையம் என்று சொன்னால் யாரும் பகிர மாட்டார்கள் என்பது வேறு விஷயம். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவில் தட்டுகள் பக்கவாட்டில் உரசிப் போகின்றன. கீழே எதுவும் இறங்குவதில்லை. அதனால் அங்கே நடுக்கம் உண்டு, இந்த மாதிரி எரிமலை வரிசை கிடையாது.

நிலநடுக்கம், எரிமலை இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைத்ததால் வந்த இன்னொரு வினை, 'முன்பே தெரிந்தும் மறைத்துவிட்டார்கள்' என்ற பேச்சு. எரிமலை பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். குழம்பு மேலேற இடம் வேண்டும். அதனால் சின்னச் சின்ன அதிர்வுகள் வரும், தரை வீங்கும், வாயு கசியும். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஏப்ரலிலேயே புகைய ஆரம்பித்தது. ஜூன் 15-ல் அது பெரிதாக வெடிப்பதற்குள் பல்லாயிரம் பேரை அப்புறப்படுத்த முடிந்தது.

நிலநடுக்கத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது. 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 7-ஐத் தாண்டிய நடுக்கம் ஒன்று வந்தது. அதுவே பெரியதுதான், முடிந்துவிட்டது என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. அது வெறும் முன்னதிர்வு என்பது இரண்டு நாள் கழித்து, 11-ஆம் தேதி பிற்பகல், அளவு 9 வந்த பிறகுதான் தெரிந்தது.