அலாஸ்காவுக்குப் போகும் வழியில் வெள்ளவத்தை

(நியூ ஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் அத்தானுக்கு வயது 71. மச்சான் சிவத்தின் வீடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை, அது தனிக்கதை. அத்தான் காலி வீதிப் பாமசிக்குப் போய்விட்டு மூச்சிரைக்க வந்து கதிரையில் விழுகிறார்.)

சிவம்: என்ன அத்தான், பிறஷரா?

அத்தான்: மானம் போய்விட்டதடா. சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் முடிந்துவிட்டதே என்று பாமசியில் என் மெடிகெயார் அட்டையை, அதுதான் அமெரிக்க அரசு வயதானவர்களுக்குத் தருகிற மருத்துவக் காப்புறுதி அட்டையை, நீட்டினேன். அந்தப் பெடியன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதில் பொயின்ற்ஸ் சேர்க்கிறது சுப்பர்மார்க்கெட்டில்" என்கிறான்!

சிவம்: வரும்போது நூறு ஸ்ட்ரிப் கொண்டுவந்தீர்களே?

அத்தான்: மெடிகெயார் கணக்கில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு 300, என்னைப் போல் போடாதவர்களுக்கு 100. நாளுக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணித்தான் வந்தேன். நீதானே தொடர்மாடி முழுக்க "அத்தானிடம் அமெரிக்க மெஷின் இருக்கு, குத்தினால் நோகாது" என்று சொல்லித் திரிந்தாய்? நாலாம் மாடி ரீச்சரம்மா மட்டும் பதினொரு தரம் விரலை நீட்டிவிட்டா. மாம்பழத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று, பிறகு மனச் சந்தேகத்துக்கு ஒன்று.

சிவம்: சரி விடுங்கோ. அந்த அட்டை எதற்குத்தான் காசு தரும்?

அத்தான்: மெடிகெயாரில் பார்ட் பி என்று ஒரு பிரிவு, டொக்டருக்கும் இந்த மாதிரிச் சாமானுக்கும். முதலில் ஒரு தொகை என் கைக்காசு, 2025-இல் அது 257 டொலராக இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஒப்புக்கொண்ட விலையில் எண்பது வீதம் அவர்கள், இருபது வீதம் நான்.

சிவம்: கடைக்காரன் சொல்கிற விலையில் இல்லையா?

அத்தான்: இல்லை, மெடிகெயார் சரி என்று சொல்கிற விலையில். அந்த விலைக்குச் சம்மதித்த கடையாய்ப் பார்த்துப் போகவேண்டும், மற்றக் கடைக்குப் போனால் மிச்சமும் நம்முடைய தலையில்தான். டொக்டர் எழுதித் தந்தால் ஊன்றுகோல், சக்கர நாற்காலி, ஒக்சிஜன் மெஷின் எல்லாம் உண்டு. அறையை விட்டு எழும்ப முடியாதவருக்குக் கொமோட் கதிரைகூட உண்டு.

சிவம்: பரவாயில்லையே! அப்போ பாத்ரூம் சுவரில் பிடித்து எழும்புகிற கம்பி?

அத்தான்: அது இல்லை.

சிவம்: இருக்கத் தருவான், எழும்பத் தரமாட்டான்?

அத்தான்: அது வசதிச் சாமானாம். பெரியவர்களுக்கான பம்பர்ஸ் இல்லை, காது மெஷின் இல்லை. கண்ணாடியும் இல்லை, ஆனால் கட்டரக்ட் ஒபரேசன் செய்து லென்ஸ் வைத்தால் ஒரு சோடி உண்டு.

சிவம்: கண்ணாடி வேண்டுமென்றால் முதலில் கண்ணை வெட்டவேண்டும். நல்ல நாடு! எங்கள் அரசாங்க கிளினிக்கில் எண்பது இருபது ஒன்றும் இல்லை, எல்லாம் இலவசம். விடிய நாலரைக்கு எழும்பி நம்பர் எடுத்து, கொப்பியைக் கொடுத்து, பதினொரு மணிக்கு டொக்டரைப் பார்த்தால், "இந்த மருந்து ஸ்டொக் இல்லை, வெளியில் வாங்குங்கோ" என்று துண்டு எழுதித் தருவார். அந்தத் துண்டும் இலவசம்தான்.

அத்தான்: உனக்குத் துண்டாவது கிடைக்கிறது. எனக்கு அமெரிக்காவுக்கு வெளியே அநேகமாக ஒன்றுமே இல்லை.

சிவம்: ஒன்றுமேயா?

அத்தான்: சில விலக்கு இருக்கிறது. அலாஸ்காவுக்கும் மற்ற மாநிலத்துக்கும் நடுவே கனடாவுக்குள்ளால் நேர்வழியில் போகும்போது அவசரமாய் வருத்தம் வந்து, கனடா ஆஸ்பத்திரிதான் கிட்ட இருந்தால் கொடுப்பார்கள்.

சிவம்: அப்படியென்றால் பாமசியில், "நான் அலாஸ்காவுக்குப் போகிற வழியில் வெள்ளவத்தையில் இறங்கினேன்" என்று சொல்லியிருக்கலாமே.

அத்தான்: பகிடி விடாதே. காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன், அந்தப் பெட்டி என் மெஷினுக்குப் பொருந்தவில்லை. இப்போது கைவசம் ஒரேயொரு பழைய ஸ்ட்ரிப்.

(கதவு மணி அடிக்கிறது. சிவம் கதவு ஓட்டையால் எட்டிப் பார்க்கிறார்.)

சிவம்: ரீச்சரம்மா. ஒரு கையில் விரல் ரெடி, மற்றக் கையில் கொழுக்கட்டைத் தட்டு.

அத்தான்: எத்தனை கொழுக்கட்டை?

சிவம்: ஐந்து.

அத்தான்: திற, திற. நாலு எனக்கு, ஒன்று உனக்கு. எண்பது இருபது.

சிவம்: ஸ்ட்ரிப்?

அத்தான்: அது டொக்டர் துண்டு இல்லாமல் கொடுக்க ஏலாது என்று சொல்லு.