நாயை அடிச்சா அது எதைக் கத்துக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்ம புதுச்சேரி பீச் ரோட்டுல நடந்ததைப் பத்தி நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல. மூணு நாளா எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் அந்த வீடியோதான். பலூன் வெச்சிருந்த குழந்தை மேல நாய் பாயுது, குழந்தை பயந்து கீழ விழுது, வளக்கிறவர் வாரை மடிச்சு நாயைப் போட்டு அடிக்கிறார். சுத்தி நிக்கிற கூட்டம் "இன்னும் நல்லா போடுங்கண்ணா"ங்குது. எனக்கு மூணு நாளா சரியா தூக்கமே இல்ல.

வீடியோவை இன்னொரு தடவை பாருங்க. பாயறதுக்கு முன்னாடியே அந்த நாய் சொல்லிக்கிட்டேதான் இருக்கு. வாலை இடுக்கிக்குது. உதட்டை நக்குது. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்குது. கொட்டாவி விடுது. அது தூக்கக் கொட்டாவி இல்லைங்க, பயந்த நாய் விடுற கொட்டாவி. அவர் போன்ல பேசிக்கிட்டே வாரைக் கையில சுத்தி இறுக்கிக்கிட்டே போறார். ஓடிப் போகவும் வழியில்ல, கிட்ட வர்றதும் நிக்கல. அது வேற என்ன செய்யும்?

அடி வாங்கி அது கத்துக்கிட்டது ஒண்ணுதான்: குழந்தை கிட்ட வந்தா வலிக்கும். அடுத்த தடவை இன்னும் தூரத்துலயே பாயும். உறுமினதுக்கு அடி வாங்கின நாய், உறுமுறதை விட்டுட்டு நேரா கடிக்கவும் பழகிக்கும். அடிச்சா நாய் அடங்கின மாதிரி தெரியும். பழகி இருக்காது.

நானும் அடிச்சவதான். எங்க கருப்பி 2020 ஊரடங்குல முத்தியால்பேட்டையில ஒரு கடை வாசல்ல கிடந்த குட்டி. பொறந்த 3-வது வாரத்துலேர்ந்து கிட்டத்தட்ட 14-வது வாரம் வரைக்கும் குட்டி எதைப் பாக்குதோ, கேக்குதோ, அதெல்லாம் பயப்படாம பழகிக்கிற வயசு. தடுப்பூசி முடியலன்னாலும் கையில தூக்கிட்டாவது தெருவைக் காட்டணும். எனக்கு அது தெரியாது. அவ பாத்ததெல்லாம் எங்க வீட்டு நாலு சுவருதான். வளந்தப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி 7 மணிக்கு நேரா காந்தி சிலைக்குக் கூட்டிட்டுப் போனேன். கைத்தடியோட வந்த ஒரு பெரியவரைப் பாத்து குரைச்சுப் பாஞ்சா. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அந்த அவமானத்துல வாராலேயே ரெண்டு அடி வெச்சேன். நின்ன இடத்துலயே மூத்திரம் போயிட்டா. அந்தப் பெரியவர்தான் சொன்னார், "விடும்மா, அது பயந்துடுச்சு, அடிக்காத."

அப்புறம் ஒரு கால்நடை மருத்துவர் சொல்லிக் கொடுத்தபடி ஆரம்பத்துலேர்ந்து பழக்கினேன். காலையில 7.30 வரைக்கும் பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க இல்லையா, அதனால 5.30-க்கே போயிடுவேன். டூப்ளே சிலைப் பக்கம் ஓரமா உக்காருவோம். தூரத்துல ஆள் ஓடுறதை அவ பாத்துட்டுச் சும்மா இருந்தா, உடனே ஒரு துண்டு வேகவெச்ச கோழி. குரைச்சான்னா ரொம்பக் கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம், பின்னாடி போயிடுவோம். 10 நிமிஷம், அவ்வளவுதான், வீட்டுக்கு. வார் எப்பவும் தொய்வா தொங்கணும். நாம இறுக்கிப் பிடிச்சா ஏதோ ஆபத்துன்னு அதுக்குத் தோணிடும். வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கிட்ட போனோம். சிவப்புத் தொப்பி போலீஸ்காரரைப் பாத்துப் பழகத்தான் ரெண்டு மாசம். மொத்தம் எட்டு மாசம் ஆச்சு. இப்ப சுண்டல் விக்கிற அக்கா பக்கத்துலயே படுத்துக் கிடக்குறா.

"அப்ப குழந்தையை விட நாய் ஒசத்தியா?"ன்னு கேப்பீங்க. இல்ல, குழந்தைதான் முதல்ல. நகம் கீறி ரத்தம் வந்திருந்தாலும் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடணும். அந்தக் கூட்டத்துல யாராவது அதைச் செஞ்சீங்களா? செல்போன்தானே எடுத்தீங்க?

"எங்க தாத்தா வீட்டு நாய்க்கு எவன் ட்ரெயினிங் கொடுத்தான்?" அந்த நாய் பொறந்ததுலேர்ந்து தெருவுலயே கிடந்தது. மாடு, சைக்கிள், சாவு மேளம் எல்லாம் பாத்து வளந்தது. தெருவே அதுக்குப் பழக்கிடுச்சு. அப்பார்ட்மென்ட்ல பூட்டி வெச்ச நாய்க்கு யார் பழக்குறது? "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு கமெண்ட் போட்டவருக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. தெருநாய்ப் பிரச்சினையை இதுல இழுக்காதீங்க, அது வேற.

கேக்காமலே வந்து தலையில கை வைக்கிறவங்களைப் பத்தியும் சொல்லணும். முகத்துக்கு நேரா குனிஞ்சு செல்ஃபி எடுக்குறவங்க, "ச்சூ ச்சூ"ன்னு சீண்டிட்டுச் சிரிக்கிற பசங்க. "தொட்டுப் பாக்கலாமா அக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சிடும்? எங்க குடியிருப்புல நாயோட லிஃப்ட்ல வரக் கூடாதுன்னுட்டாங்க. நாலு மாடி ஏறி இறங்குறேன். "ஒரு குழந்தை பெத்துக்கிட்டா இந்த நாய்ப் பைத்தியம் போயிடும்"னு என் முகத்துக்கு நேராவே சொன்னாங்க. அதையும் கேட்டுக்கிட்டுதான் தினம் காலையில எந்திரிச்சுப் போறேன், இன்னொருத்தர் குழந்தை என் நாயைப் பாத்து பயந்துடக் கூடாதேன்னு.

இன்னைக்குக் காலையில ஒருத்தர் போன் பண்ணார். அந்த வீடியோ நாயை ஊசுட்டேரிப் பக்கம் கொண்டு போய் விட்டுட்டாங்களாம். வளத்த பிராணியைக் கைவிடுறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை அப்புறம் பேசிக்கலாம், முதல்ல நாய் கிடைக்கணும். பழுப்பு நிறம், கழுத்துல நீலப் பட்டை. வில்லியனூர், பத்துக்கண்ணு பக்கம் இருக்குறவங்க கொஞ்சம் பாருங்க. கண்ணுல பட்டா துரத்தாதீங்க, பிடிக்கவும் போகாதீங்க. தூரமா உக்காந்து, அது முகத்தைப் பாக்காம, சாப்பாடு வெச்சுட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க. எந்த நேரமா இருந்தாலும் வந்துடுறேன்.