திறப்பு விழாவுக்கு எல்லோரும் வருவார்கள்

ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்த பூங்காக் கூட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு பதிவு எழுதிவிட்டீர்கள். என்னைப் பெயர் சொல்லாமல் திட்டியவர்களுக்கும் பெயர் சொல்லியே திட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் திருகோணமலைக் கடற்கரைக் காணியை ஒரு முதலீட்டாளருக்குக் குத்தகைக்குக் கொடுத்து, அதில் பொழுதுபோக்குப் பூங்கா வருவதை நான் எதிர்க்கவில்லை. அன்றும் எதிர்க்கவில்லை. நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: இது நட்டத்தில் மூடப்பட்டால், அந்தக் காணி யாரிடம், எந்த நிலையில், எவ்வளவு காலத்துக்குள் திரும்பி வரும்? "அண்ணை, நீங்கள் பிள்ளை பிறக்க முதலே அந்தியேட்டிக்கு நாள் பாக்கிறியள்" என்று பதில் வந்தது. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் திரையில் காட்டிய படங்களில், பெர்லினில் ஸ்ப்ரீபார்க் என்ற பழைய பொழுதுபோக்குப் பூங்காவின் இராட்சத ராட்டினமும் ஒன்று. கைவிட்ட பூங்காவையே அவர்கள் தங்கமாக்குகிறார்கள், நாங்கள் வெறுங்காணியை வைத்துக்கொண்டு யோசிக்கிறோம் என்றார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அந்தப் படத்தை மட்டும் காட்டாமல் விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

என் தங்கச்சி குடும்பம் பெர்லினில் இருக்கிறது. அங்கே போயிருந்த ஒருமுறை மச்சான் என்னைப் பிளான்டர்வால்ட் காட்டு வழியாக அந்தப் பூங்காவின் வேலி வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். உள்ளே ஒரு டைனோசர் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. அதன் வயிறு முழுக்க யாரோ பெயின்ற் அடித்து எழுதியிருந்தார்கள். ராட்டினத்தை இயக்க ஆளில்லை, ஆனாலும் காற்றுக்கு அது கொஞ்சம் அசைந்து, எண்ணெய் காணாத அச்சு கீச்சிட்டது. "நாங்கள் வந்த புதுசில பிள்ளையளை இங்கதான் கூட்டி வாறனாங்கள்" என்றார் மச்சான். படத்தில் பார்த்துக் கைதட்டிய எவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

தம்பி சொல்லாமல் விட்ட கதையை நான் சொல்கிறேன். அந்தப் பூங்காவைக் கிழக்கு ஜெர்மனி அரசு தனது 20ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி 1969இல் திறந்தது. சுவர் விழுந்து நாடு ஒன்றான பிறகு, 1991இல் அது நோர்பர்ட் விட்டே என்பவரின் நிறுவனத்திடம் போனது. புதிய சவாரிகள் வந்தன, அவற்றுடன் கடனும் வந்தது. சுற்றியிருந்த காடு பாதுகாக்கப்பட்ட நிலமானதால் கார் நிறுத்த இடம் சுருங்கியது; சனம் குறைந்ததால் கட்டணத்தைக் கூட்டினார்கள், கட்டணம் கூடியதால் சனம் இன்னும் குறைந்தது. 2001இல் வங்குரோத்து. 2002 தொடக்கத்தில் அந்த மனிதர், திருத்த அனுப்புகிறேன் என்று சொல்லி ஆறு சவாரிகளைக் கொள்கலன்களில் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு பெரு நாட்டின் லீமாவுக்குப் போய்விட்டார். அங்கேயும் பூங்காத் தொழில் ஓடவில்லை. பிறகு 'பறக்கும் கம்பளம்' என்ற சவாரியின் கம்பத்துக்குள் 160 கிலோவுக்கு மேல் கொக்கெயின் பிடிபட்டு, 2004இல் அவருக்கு ஏழு ஆண்டுச் சிறை கிடைத்தது. வேடிக்கைக் கதைதான், சிரிக்கலாம்.

ஆனால் என் கேள்வி அந்தக் கம்பத்துக்குள் இல்லை, குத்தகை உறுதிக்குள் இருக்கிறது. காணி பெர்லின் நகரத்தினுடையது. ஆனால் நீண்டகாலக் குத்தகை உரிமை நிறுவனத்தினுடையது, அந்த உரிமையின் மேல் வங்கிக் கடன். நிறுவனம் விழுந்ததும் கடன் காணியின் கழுத்தில் தொங்கியது. சொந்தக் காணிக்குள் நகரமே சுதந்திரமாகக் கால் வைக்க முடியவில்லை. அந்த உரிமையைத் திரும்ப வாங்கியது 2014இல். அதே வருடம் ஓகஸ்ற்றில் பூங்காவின் ஒரு பகுதி தீயில் எரிந்தது. இன்றைக்கு அங்கே நடக்கும் மீளமைப்பு நகரத்தின் சொந்த நிறுவனம் பொதுப்பணத்தில் செய்வது. தம்பி காட்டிய ராட்டினத்தை 2021இல் துண்டு துண்டாகக் கழற்றித்தான் திருத்தக் கொண்டுபோனார்கள். தங்கமாவதற்கு முன்னால் எத்தனை வருடம் துருவாக இருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

அது ஒரு கள்ளனால் வந்த வினை, எங்களுடைய முதலீட்டாளர் நல்லவர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லவராகவே இருக்கட்டும். அமெரிக்காவின் நியூ ஒர்லியன்சில் 2000இல் திறந்த பூங்காவைக் கெடுத்தது கள்ளனல்ல, புயல். 2005 ஓகஸ்ற்றில் கத்ரீனா வந்து அந்த இடம் வாரக்கணக்கில் உப்புநீரில் நின்றது. பூங்காவை எடுத்து நடத்திய நிறுவனம் 75 வருடக் குத்தகை வைத்திருந்தும் திரும்பி வரவில்லை. பூட்டிக் கிடந்த பூங்காவுக்காக நகரம் வருடக்கணக்கில் கடன் கட்டியது. முழுதாக இடிக்கத் தொடங்கியதே 2024இல்தான். இங்கே அப்படிப் புயல் வராது என்று சொல்லாதீர்கள். 2004இல் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதை நிலாவெளியில் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டிச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரை கடந்ததும் எங்கள் மாவட்டத்து வடக்குக் கரையில்தான்.

வேலைவாய்ப்பு வரும் என்பது நியாயமான வாதம். உண்மையாகவே நியாயம். ஆனால் எங்கள் கரையில் வெளியூர்ச் சனம் வருவது சித்திரைக்குப் பிறகு தொடங்கி ஐந்தாறு மாதம். ஐப்பசி தொடக்கம் தை வரை மழையில் ராட்டினத்தில் ஏறப்போவது யார், அந்த மாதங்களில் சம்பளம் கொடுக்கப்போவது யார் என்று எவரும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்கிறார்கள். மூடினால் என்ன என்ற கேள்விக்கே ஓடுகிறவர், மூடிய அன்று நிற்பாரா?

நான் பேசுவது கற்பனை அல்ல. என் மகள் சின்னவளாக இருந்தபோது மாலையில் கூட்டிப்போகும் ஒரு சிறுவர் பூங்கா இருந்தது. சறுக்கியின் அடித்தகரம் கடற்காற்றில் அரித்து, நுனி மேல்நோக்கிச் சுருண்டு நின்றது. அவளுடைய முழங்காலுக்குக் கீழே கிழித்த தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அது தங்களுடையதல்ல என்று அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதே பதில். கடைசியில் நானே ஒரு கயிற்றைக் கொண்டுபோய்ச் சறுக்கியின் ஏணிப்படியைக் கட்டிவிட்டு வந்தேன். திறந்து வைத்தவர்களின் பெயர் பொறித்த கல் மட்டும் அப்போதும் பளபளவென்று இருந்தது.

இன்னும் பெரிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சீனக்குடாப் பக்கம் போங்கள். வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களில் பெரும்பகுதி காட்டுக்குள் பல தசாப்தங்களாகக் கிடந்தது. 2003இல் ஓர் ஒப்பந்தம், அதில் தகராறு. 2022இல் இன்னோர் ஒப்பந்தம், 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. யாருக்கு எது என்று தீர்ப்பதற்கே இவ்வளவு காலம் போன ஊரில் குத்தகையைப் பற்றிக் கேட்பவன் விசரனா?

"வளர்ச்சியின் எதிரி" என்று எழுதியவர் எனக்குத் தெரிந்த பிள்ளைதான். அவருடைய தகப்பனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். கெட்ட காலம் எல்லாவற்றிலும் நான் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. அதற்காக எவரும் மாலை போட வேண்டியதில்லை, ஆனால் இரண்டு கிழமை விடுமுறையில் வந்தவருக்குக் கைதட்டிய அதே கைகள் என்னைப் பார்த்து 'இருங்கோ' என்று சைகை காட்டியது வலிக்கத்தான் செய்தது.

அடுத்த கூட்டம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வருவேன், முன்வரிசையில் இருப்பேன். படங்கள் போதும், ஒப்பந்த வரைவைக் கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும் கொண்டுவந்து வாசிக்க நேரமில்லை என்று மடக்கி வைக்காமல், தமிழில் கொண்டு வாருங்கள். குத்தகை உரிமையை வங்கியில் ஈடு வைக்கக் கூடாது என்று ஒரு வரி, பூங்கா மூடினால் எல்லாவற்றையும் அகற்றும் செலவுக்கான பணத்தை முதல் நாளே வைப்பிலிட வேண்டும் என்று இன்னொரு வரி. இரண்டும் அதில் இருந்தால் முதல் ரிக்கற்றை நானே வாங்குகிறேன்.