ரப்பர் தெரிந்த ஒருவர் வேண்டும்

அம்பத்தூரில் வாகனங்களில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் தயாரிக்கும் எங்கள் ஆலையில், தயாரிப்பு மற்றும் மூலப்பொருள் மேம்பாட்டுக்கு ஒரு மூத்த பொறியாளரைத் தேடத் தொடங்கி 8 மாதங்கள் ஆகிவிட்டன. வந்து குவியும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை வரைபட மென்பொருள்களின் பட்டியலாகவே இருக்கின்றன. நேர்காணலுக்கு வருபவரின் கையில், மினரல் ஆயிலில் (பெட்ரோலிய எண்ணெயில்) ஊறி உப்பிப்போன ஒரு ரப்பர் சீலைக் கொடுத்து, "இது ஏன் இப்படி ஆனது?" என்று கேட்கிறேன். இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர், கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த பிரேக் ஆயிலைத் தாங்கும், ஆனால் மினரல் ஆயிலில் வீங்கிவிடும், அங்கே நைட்ரைல் என்ற வேறு வகை ரப்பர் வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. 12 ஆண்டு அனுபவம் என்று எழுதியவர் அந்தச் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சப்ளையரைத்தான் கேட்க வேண்டும்" என்கிறார்.

அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ரப்பர் கலவையைத் தானே மில்லில் (கலக்கும் உருளை இயந்திரத்தில்) ஓட்டி, கந்தகம் கூடினால் என்ன ஆகும், வலு சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் வாய்ப்பை எந்த ஆலையும் அவருக்குத் தரவில்லை.

மனம் பொறுக்காதது வேறு. சென்ற மாதம் சரியாகப் பதில் சொன்ன ஒருவர் கிடைத்தார். டிப்ளமோ படித்து, 19 ஆண்டுகள் கலவைக் கூடத்தில் நின்றவர். பி.டெக். இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மனிதவளப் பிரிவு அவருடைய கோப்பை மூடிவிட்டது. நான் இரண்டு முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை. ஓவனில் 100 டிகிரியில் 70 மணி நேரம் அழுந்திக் கிடந்த ரப்பர் மாதிரிகள் ஏன் பழைய உயரத்துக்கு மீளவில்லை என்று விளக்க ஆளில்லாமல், இளம் பொறியாளர்கள் இன்றும் ஆய்வக மேசையருகே காத்து நிற்கிறார்கள்.