விடுப்புக் கேட்டவன் கோழையா?

சென்ற வாரத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று விளக்கத் தேவையில்லை. எல்லையில் பதற்றம் இருக்கும்போது விடுப்புக் கேட்பதும், வீட்டோடு பேச ஏங்குவதும் படைவீரனின் மன உறுதி குலைந்ததற்கு அடையாளம் என்று, குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொன்னார். நெறியாளரும் பக்தியோடு தலையாட்டினார். தேசப்பற்று ஒன்றே வீரனைத் தாங்கிவிடுமாம்.

என் அப்பா 1999 கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் பீரங்கிப் படையில் இருந்தவர். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்கு அம்மா எழுதிய இன்லேண்டு கடிதங்களில் தேசம் என்ற சொல்லே இருக்காது. மாடு கன்று போட்டது, சீட்டுப் பணம் கட்டியாயிற்று, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது என்று எழுதி, இடம் போதாமல் ஒட்டும் மடிப்பின் ஓரத்தையும் பொடி எழுத்தால் நிரப்பிவிடுவார். தபால் வராதவர்கள் அதை வாங்கிப் படிப்பார்களாம். வீடு நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் குண்டு ஏற்றுகிறவனுக்குக் கை ஓடும் என்பார் அப்பா. இதைக் கோழைத்தனம் என்று அவர் எதிரில் வந்து சொல்லட்டும், பார்க்கலாம்.

"அப்படியானால் தேசப்பற்று வேண்டாமா?" என்று கேட்க இப்போதே சிலர் தயாராக இருப்பீர்கள். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 1962 சீனப் போரில் நம் படையினரிடம் அதற்குப் பஞ்சமே இல்லை. குளிரைத் தாங்கும் உடையும் காலணியும்தான் இல்லை. அதே போரில், அதே குளிரில், நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங்கின் கீழ் இருந்த ஏறத்தாழ 120 பேர் அசையாமல் நின்று, பெரும்பாலோர் அங்கேயே மடிந்தார்கள். வேறு முனைகளில் பெரிய படைப்பிரிவுகளே கலைந்து பின்வாங்கின. பின்வாங்கியவர்களுக்குப் பற்று குறைவு என்பீர்களா? ரெசாங் லாவில் நின்றவர்கள் பெரும்பாலும் ஹரியானாவின் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவர்களுடைய அதிகாரி குண்டு மழைக்கு நடுவே ஒவ்வொரு காவல் அரணாகப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பவன் விட்டுவிட்டு ஓடமாட்டான், மேலே இருப்பவன் நம்மை அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளமாட்டான் என்ற நம்பிக்கைதான் மன உறுதி. மேடை முழக்கத்தில் அது பிறப்பதில்லை.

செத்தாலும் கைவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் இதில் சேர்த்திதான். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன், கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக்கில் வீழ்ந்தார். ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான் உடலை மீட்க முடிந்தது, ஆனாலும் மீட்டார்கள். திருச்சிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"எல்லாரும் விடுப்பில் போனால் எல்லையை யார் பார்ப்பது?" என்றும் ஒரு கேள்வி வரும். எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை; முறை வரும்போது அனுப்பு என்றுதான் கேட்கிறார்கள். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு மரியாதை கிடையாது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு சான்றிதழுக்காக அப்பாவை ஓர் அலுவலகத்தில் நாளெல்லாம் பெஞ்சில் உட்காரவைத்து, கடைசியில் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினார்கள். அந்த அறையின் சுவரிலும் "வீரர்களுக்கு வணக்கம்" என்றுதான் எழுதியிருந்தது. ஊரில் அப்பனுக்கு இந்தக் கதி என்று கேள்விப்படும் மகன் எந்த மனத்தோடு பனியில் நிற்பான் என்று அந்த விவாதத்தில் ஒருவராவது கேட்டாரா? விளம்பர இடைவேளைதான் வந்தது.